பாதிக் கிணறு தாண்டும் பாலே தயாரிப்புகள்

மேல்மாடம்:

சைக்கோவ்ஸ்கி இசையமைத்த பாலேயை "மரபான ஸ்வான் லேக்" என்று சுவரொட்டியில் போட்டு விற்கிறார்களே, அதில் எவ்வளவு மரபு இருக்கிறது என்று ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1877இல் மாஸ்கோ போல்ஷாய் தியேட்டரில் முதலில் மேடையேறியதை அமைத்தவர் ரைஸிங்கர். அவருடைய அசைவுகளை இன்று யாரும் ஆடுவதில்லை. நாம் பார்ப்பது 1895இல் பீட்டர்ஸ்பர்க் மரியின்ஸ்கி தியேட்டரில் நடன அமைப்பாளர்கள் பெதிபாவும் இவானோவும் புதிதாக அமைத்ததன் வாரிசுகளை. அப்போது சைக்கோவ்ஸ்கி இறந்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் தம்பி மொதெஸ்ட் கதையைத் திருத்தினார், இசை நடத்துனர் ட்ரிகோ இசையில் சிலதை வெட்டினார், சிலதை இடம் மாற்றினார், சைக்கோவ்ஸ்கியின் பியானோ துண்டுகள் சிலவற்றை வாத்தியக்குழுவுக்கு ஏற்றி உள்ளே செருகினார். ஆக, "மூலம்" என்று நாம் கும்பிடுகிற 1895 பதிப்பே ஒரு மறுஆக்கம்தான்.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் சுவாரசியம். கறுப்பு அன்னம் என்கிறோமே, 1895இல் அந்த ஓடீல் (மந்திரவாதி ரோத்பார்ட்டின் மகள், அன்னமாக்கப்பட்ட ஓடெட்டின் சாயலில் வந்து இளவரசனை ஏமாற்றுபவள்) கறுப்பு உடுத்தவே இல்லை, அது இருபதாம் நூற்றாண்டுப் பழக்கம். ஏரிக்கரையில் இளவரசனும் ஓடெட்டும் மட்டும் ஆடுகிற அந்த மெதுவான ஜோடி நடனம், காதலின் உச்சம் என்று எல்லோரும் உருகுவது, முதலில் மூன்று பேர் ஆடியது! இளவரசனாக நடித்த கெர்ட்டுக்கு வயது ஐம்பது, அதனால் தாங்கிப் பிடிக்கிற வேலையில் பாதியை நண்பன் பென்னோ பார்த்துக்கொண்டான். முதல் அங்கத்தில் குட்டிக்கரணம் போடும் அந்தக் கோமாளி பெதிபாவின் பிள்ளையே இல்லை, மாஸ்கோவில் கோர்ஸ்கி நுழைத்தது (அவனை நுழைத்ததற்காக மட்டும் கோர்ஸ்கியை நான் மன்னிக்கப் போவதில்லை). காதலர்கள் ஏரியில் குதித்து உயிர்விடும் முடிவை சோவியத் காலத்தில் மாற்றினார்கள். 1950இல் லெனின்கிராட்டில் செர்கேயெவ் செய்த பதிப்பில் இளவரசன் ரோத்பார்ட்டின் இறக்கையைப் பிய்த்து எறிகிறான், எல்லாம் சுபம். மாற்றம் தப்பு என்பதல்ல என் புகார். மாற்றாமல் எதுவும் பிழைத்ததில்லை.

எனக்கு இரண்டு வகைத் தயாரிப்புகள் பிடிக்கும். ஒன்று, அடிமட்டம் வரை தோண்டிப் போவது, நடன அமைப்பாளர் ராட்மான்ஸ்கி 2016இல் ஸூரிக்கில் பழைய நடனக் குறிப்பேடுகளைப் படித்து ஸ்வான் லேக்கை எடுத்தாரே, அந்த மாதிரி. இன்னொன்று, கதையையும் இசையையும் கையில் வைத்துக்கொண்டு அசைவுகளை முழுக்கப் புதிதாக எழுதுவது: மாட்ஸ் எக், மேத்யூ போர்ன், அக்ரம் கான். இரண்டுக்கும் துணிச்சல் வேண்டும். இடையில் நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்டம் பழையது, ஆனால் அரங்கம் மட்டும் இருட்டு, இளவரசனுக்கு மனச்சோர்வு காட்ட ஒரு தனி ஆட்டம், ரோத்பார்ட்டுக்கு அரண்மனையில் ஒரு உத்தியோகம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முன்கதை.

அந்த முன்கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாஸ்கோவில் பூர்மெய்ஸ்டர் 1953இல் செய்தது. திரை விலகியதும் ஓடெட் என்ற பெண்ணை மந்திரவாதி அன்னமாக மாற்றுவதை ஆடிக் காட்டிவிடுவார்கள். அமெரிக்கன் பாலே தியேட்டரில் மெக்கென்சியின் 2000 தயாரிப்பிலும் உண்டு, ராயல் பாலேயில் ஸ்கார்லெட்டின் 2018 தயாரிப்பிலும் உண்டு. இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். சைக்கோவ்ஸ்கியின் முன்னிசை ஓபோவில் தொடங்குகிறது. என்ன துக்கம் என்று சொல்லாமலே துக்கத்தைச் சொல்லும், இருட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டியது. அப்புறம் முதல் அங்கம் முழுக்க விருந்து, கூத்து, குடி. எல்லாம் முடிந்த பிறகுதான் அன்னத்தின் ராகம் வருகிறது, அதற்கப்புறம் ஒரு வழியாக அவள் வருகிறாள். இளவரசன் அவளை முதல்முறை பார்க்கும்போது நாமும் முதல்முறை பார்க்க வேண்டாமா? முன்கதை போட்டுவிட்டால் அவன் ஆச்சரியப்படுகிறான், நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

பழையபஞ்சாங்கம்:

//இடையில் நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை//

நீங்கள் வெறுக்கிற அந்த "இடை"தான் இந்தக் கலையை இதுவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஜிஸெல் என்கிற பாலே (காதலில் ஏமாந்து இறந்த பெண் ஆவியாக வருவது) 1841இல் பாரிஸில் பிறந்தது, 1868க்குப் பிறகு பாரிஸே அதைக் கைவிட்டது, தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு 1910இல் கார்சாவினாவையும் நிஜின்ஸ்கியையும் வைத்து ஆடிக் காட்டும்வரை சொந்த ஊரில் அதற்கு மேடை இல்லை. நடுவில் அதைக் காப்பாற்றியது பீட்டர்ஸ்பர்க், அதுவும் பெதிபா தன் இஷ்டத்துக்கு ஒட்டும் வெட்டும் போட்டுத்தான். அவர் "தோண்டினால் முழுக்கத் தோண்டுவேன், இல்லையென்றால் புதிதாகச் செய்வேன்" என்று உட்கார்ந்திருந்தால் இன்று நமக்கு ஜிஸெல் கிடையாது.

பழைய குறிப்பேடு என்கிறீர்கள். அசைவுகளைக் குறியீடுகளாக எழுதும் ஸ்தெபானோவ் முறையில் இருந்த அந்தக் குறிப்புகளை நிகலாய் செர்கேயெவ் புரட்சிக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து பெட்டியில் எடுத்துக்கொண்டு வந்தார், இப்போது ஹார்வர்டில் இருக்கின்றன, எல்லாம் சரி. ஆனால் அவற்றில் கால் எங்கே போகிறது என்பது இருக்கும், கை, தலை, தோள், மூச்சு பெரும்பாலும் இருக்காது. அதெல்லாம் ஒரு நடனமணி இன்னொருத்திக்குப் பயிற்சி அறையில் சொல்லிக்கொடுத்து வந்தது. கார்சாவினா இங்கிலாந்தில் அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றினாரே, அந்த மாதிரி. குறிப்பேட்டைப் பார்த்து எடுப்பதும் ஒரு ஊகம்தான், கொஞ்சம் படித்த ஊகம்.

1999இல் விகாரெவ் மரியின்ஸ்கிக்கு 1890இன் ஸ்லீப்பிங் பியூட்டியை அப்படியே தோண்டி எடுத்துக் கொடுத்தார். ஏறக்குறைய நாலு மணி நேரம். பிறகு என்ன ஆயிற்று? அந்தத் தியேட்டர் 1952 செர்கேயெவ் பதிப்புக்கே திரும்பிவிட்டது. (இது கோன்ஸ்தந்தீன் செர்கேயெவ், பெட்டி தூக்கியவர் வேறு.) ஆடுகிறவர்களுக்கு எது தங்கள் உடம்பில் ஊறியதோ அதுதான் மரபு.

கடைசி_வரிசை:

கோமாளி விஷயத்தில் மேல்மாடத்துக்கு என் முழு ஆதரவு. கோமாளி எதிர்ப்புச் சங்கம் ஆரம்பித்தால் பொருளாளர் பதவி எனக்கு.

போர்னின் ஸ்வான் லேக் பற்றி ஒரு கேள்வி. பாயின்ட் ஷூவே (விரல்நுனியில் நிற்க உதவும் கெட்டி நுனிக் காலணி) இல்லாத ஒன்றைப் பாலே என்று இதே பட்டியலில் சேர்க்கலாமா? எனக்கு ரொம்பப் பிடித்த தயாரிப்பு அது, ஆனால் நியூயார்க்கில் அதற்கு 1999இல் டோனி விருது கொடுத்தபோது இசை நாடகம் என்ற கணக்கில்தானே இயக்குநர் விருதைக் கொடுத்தார்கள்.

மேல்மாடம்:

பஞ்சாங்கம், ஜிஸெல் விஷயம் சரி. பெதிபா ஒட்டுப் போட்டது உண்மை. ஆனால் அவர் ஒட்டுப் போட்டபோது அது அவர் காலத்து நடனமொழி, அவருக்குத் தெரிந்த மொழியில் அவர் திருத்தினார். இன்று முன்கதை சேர்க்கிறவர் தன் காலத்து மொழியில் எழுதுவதில்லை, பெதிபா மாதிரி எழுதப் பார்க்கிறார். பெதிபா எழுதியதற்கும் பெதிபா மாதிரி எழுதியதற்கும் நடுவில் தையல் தெரிகிறது.

குறிப்பேடு ஊகம்தான் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊகம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, அது வேகம். ராட்மான்ஸ்கி 2015இல் அமெரிக்கன் பாலே தியேட்டருக்குச் செய்த ஸ்லீப்பிங் பியூட்டியில் கால்கள் எல்லாம் தாழ்வாக இருக்கின்றன, சுழல்கள் பலவற்றைப் பாதி விரலில் சுற்றுகிறார்கள், முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. முதல் பத்து நிமிடம் எனக்கே ஏமாற்றமாக இருந்தது, காது வரை கால் தூக்கிப் பார்த்துப் பழகிய கண் அல்லவா. அப்புறம் காது விழித்துக்கொண்டது. கால் அவ்வளவு உயரம் போகவேண்டியதில்லை என்றால் இசை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைய மேடையில் நடத்துனர் நடனமணியின் கால் உச்சிக்குப் போய் நின்று இறங்கும்வரை இசையை இழுத்துக்கொண்டே இருக்கிறார். வெள்ளை அன்னத்தின் வயலின் பகுதியைச் சில தியேட்டர்களில் கேட்டால் நோயாளிக்கு மூச்சு விட்டு விட்டு வருகிற மாதிரி இருக்கிறது. சைக்கோவ்ஸ்கி அதை அப்படி எழுதவில்லை. "பயிற்சி அறையில் கைமாறி வந்த மரபு" சத்தமில்லாமல் செய்த திருத்தம் இது. எந்தச் சுவரொட்டியிலும் இதற்குப் பெயர் போடுவதில்லை.

பேச்சு அபிநயமும் அப்படித்தான். 1895 ஏரிக்கரைக் காட்சியில் ஓடெட் கைகளாலேயே கதை சொல்கிறாள்: இந்த ஏரி என் அம்மா அழுத கண்ணீர், ஒரு கெட்டவன் என்னை அன்னமாக்கினான், ஒருவன் என்னை மட்டும் நேசிப்பதாகச் சத்தியம் செய்தால் விடுதலை. ராயல் பாலே இதை வைத்திருக்கிறது. சோவியத் பதிப்புகள் பழசு என்று தூக்கிவிட்டு அங்கே ஆட்டம் போட்டன. சத்தியம் என்ற சொல்லே மேடையில் வரவில்லை என்றால் மூன்றாம் அங்கத்தில் அவன் எதை மீறுகிறான்?

கடைசி_வரிசை, போர்னுக்கு எந்தப் பெட்டி என்பதில் எனக்கு அக்கறை இல்லை. 1995இல் ஸாட்லர்ஸ் வெல்ஸில் ஆண்களை அன்னமாக்கி, இறகு வைத்த அரைக்கால் சட்டை போட்டு, வெறுங்காலோடு இறக்கியபோது பெரிய வேடிக்கை என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் உண்மையான அன்னத்தைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பூனைக்குட்டி இல்லை, சீறும், கொத்தும், துரத்தும். ஆடம் கூப்பர் அதைத்தான் ஆடினார். அன்பு கிடைக்காத இளவரசன், தள்ளி வைக்கிற அம்மா, விருந்துக்கு வந்து எல்லோரையும் மயக்கும் அந்நியன். முன்கதையும் கோமாளியும் வைத்த "மரபு" தயாரிப்புகளைவிட அந்த இசை இதில் எனக்கு அதிகம் கேட்கிறது.

சிங்கை_அம்மா:

வணக்கம். நான் உங்களைப் போல ஆழமாகப் பார்ப்பவள் இல்லை, மகள் பாலே வகுப்புக்குப் போகிறாள், அவளுக்காகப் பார்க்க ஆரம்பித்து எனக்கும் பிடித்துவிட்டது. ஒன்று சொல்லட்டுமா? நீங்கள் எல்லாம் பல ஸ்வான் லேக் பார்த்தவர்கள், அதனால் உங்களுக்கு முன்கதை உறுத்துகிறது. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அது இல்லாவிட்டால் யார் யார் என்றே புரியாது. கைகளால் கதை சொல்வதைப் பார்த்து "அம்மா, அவள் எதற்கு அழுவதுபோல் விரலைக் கன்னத்தில் கோடு போடுகிறாள்" என்று என் மகள் கேட்டாள், எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் டிக்கெட் விலை. அவ்வளவு கொடுத்துப் போனால் வெள்ளை உடுப்பு, வரிசை, முப்பத்திரண்டு சுழல் எல்லாம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தப்பா? டிசம்பரில் நட்கிராக்கர் போட்டுத்தான் பல குழுக்கள் மீதி ஆண்டை ஓட்டுகின்றன என்கிறார்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி போடுவதில் அவர்களுக்கும் நியாயம் இருக்கிறதே.

சலங்கை:

நான் பரதநாட்டியம் ஆடுகிறவள், பாலே வெளியிலிருந்து பார்க்கிறவள். லா பயாதேரைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

1877இல் பெதிபா செய்தது. இந்தியக் கோயில் நடனப் பெண் நிகியா, போர்வீரன் சோலோர், அவனைக் கட்டிக்கொள்ளப் போகும் ராஜா மகள் கம்ஸாத்தி, நிகியாவின் மேல் ஆசைப்படும் தலைமைப் பிராமணர், நெருப்பைச் சுற்றிக் குதிக்கும் பக்கிரிகள், பூக்கூடைக்குள் பாம்பு. பொன் சிலை ஆடுவது 1948இல் சேர்த்தது, அதையும் "மரபு" என்கிறார்கள். 2019இல் போல்ஷாய் ஒத்திகையில் சின்னப் பெண்கள் முகத்தில் கறுப்பு பூசி நின்ற படத்தை அமெரிக்க நடனமணி மிஸ்டி கோப்லேண்ட் வெளியிட்டதும் எவ்வளவு சண்டை. போல்ஷாய் தரப்பு சொன்ன பதில் என்ன? காலங்காலமாக இப்படித்தான் ஆடுகிறோம் என்பது.

எனக்கு இதில் எரிச்சலைவிட வேறு ஒன்று. 1838இல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தேவதாசிகள் குழு ஒன்று உண்மையாகவே பாரிஸுக்கும் லண்டனுக்கும் போய் ஆடியது. அதில் அம்மணி என்கிற பெண்ணைப் பார்த்து மயங்கி எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. மூன்று ஆண்டு கழித்து ஜிஸெலின் கதையை எழுதியவர்களில் அவரும் ஒருவர். 1858இல் பாரிஸில் சாகுந்தலக் கதையைப் பாலேயாக எழுதியதும் அவரே, அதை ஆட்டமாக அமைத்தவர் லூசியன் பெதிபா, ஜிஸெலில் நாயகன் ஆல்பிரெக்ட்டாக முதலில் ஆடியவர், லா பயாதேர் செய்த பெதிபாவின் அண்ணன். அதாவது நம் ஊர்ப் பெண்கள் ஆடியதை நேரில் பார்த்த ஒருவர் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தார். அப்படியிருந்தும் மேடைக்கு வந்தது சதிர் (தேவதாசிகள் ஆடிய நடனம்) இல்லை, இடுப்பு தெரியும் உடையில் கைகூப்பும் கற்பனைப் பெண். மேல்மாடம் சொல்கிற மாதிரி "அடிமட்டம் வரை தோண்டினால்" இங்கே அடியில் என்ன கிடைக்கும்?

மேல்மாடம்:

சலங்கை, இது நல்ல இடி. 2018இல் பெர்லினில் ராட்மான்ஸ்கி லா பயாதேரையும் தோண்டினார், அங்கே கிடைத்தது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கனவுதான், இந்தியா இல்லை. தோண்டுவது எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் படைப்புக்குள் ஒரு வைரம் இருக்கிறது, நிழல்களின் ராஜ்யம். சரிவுப் பாதையில் ஒருத்தி இறங்கி ஒரு அரபெஸ்க் (ஒற்றைக் காலில் நின்று மற்றதைப் பின்னால் நீட்டுவது), பின்னால் சாய்வு, இரண்டு அடி. அடுத்தவள் சேர்ந்துகொள்கிறாள். முப்பத்திரண்டு பேர் மேடையை நிரப்பும்வரை அதே அசைவு, அதே இசை. கதை, இந்தியா, பாம்பு எதுவும் அங்கே இல்லை. நூரேயெவ் 1963இல் ராயல் பாலேக்கு அந்தக் காட்சியை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தார், அது போதும் என்பது என் கட்சி. இன்னொரு வழி, 2024இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஃபில் சானும் டக் ஃபுலிங்டனும் செய்தது: பெதிபாவின் அசைவுகளைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து, கதையைப் பழைய ஹாலிவுட் படப்பிடிப்புத் தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐரோப்பியர் கனவு கண்ட இந்தியாவுக்குப் பதில் அமெரிக்கர் தங்களைப் பற்றியே கனவு காணும் இடம். கௌபாய்கள்!

பழையபஞ்சாங்கம்:

ஆகா. பழைய அசைவு, புதிய கதை. இது கிணற்றின் எந்தப் பக்கம்?

டமாரா ரோஹோ 2022இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேக்குச் செய்த ரேமொண்டாவையும் கணக்கில் எடுங்கள். சிலுவைப்போர்க் கதையைத் தூக்கிவிட்டு கிரிமியப் போர், நர்ஸ், ஆனால் பெதிபாவின் ஆட்டங்கள் நிறைய அப்படியே. உங்கள் விதிப்படி அதுவும் தோற்க வேண்டும்.

மேல்மாடம்:

தோற்கத்தான் செய்தது, பாதி. 1898இன் ரேமொண்டாவில் கதை என்று ஒன்று அநேகமாகக் கிடையாது, காத்திருக்கும் பெண், கடத்த வரும் அரபு வில்லன், திரும்பி வந்து அவனைக் கொல்லும் மாப்பிள்ளை. கிளாஸுனொவின் இசைதான் எல்லாம். அதனால் கதையை மாற்றினால் யாருக்கும் வலிக்கவில்லை, ரோஹோ அந்த வில்லனை மனுஷனாக்கியதே பெரிய விஷயம். ஆனால் போர்முனையில் இருக்கிற நர்ஸ் ஆடுவது அரண்மனைச் சீமாட்டியின் தனி ஆட்டம். உடம்பு ஒன்று சொல்கிறது, உடை வேறு ஒன்று சொல்கிறது. ஹாலிவுட் பயாதேர் தப்பிப்பதற்குக் காரணம், அங்கே கதையே ஆடிக்காட்டுபவர்களைப் பற்றியது, பெதிபா ஆட்டத்தை ஆட அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

அக்ரம் கானின் ஜிஸெலை (2016) இதற்குப் பக்கத்தில் வையுங்கள். ஜிஸெல் மூடப்பட்ட ஆடைத் தொழிற்சாலையில் வேலை இழந்த அகதித் தொழிலாளி, நடுவில் பெரிய சுவர், அந்தப் பக்கம் முதலாளிகள். மூல இசையமைப்பாளர் ஆடானின் இசையில் சில சாயல்கள் மட்டும் மிச்சம், மீதி லமாக்னா புதிதாக எழுதியது. அசைவில் கதக்கின் தரையோடு ஒட்டிய கால். ஆனால் இரண்டாம் அங்கத்தில் செத்த தொழிலாளிகளின் ஆவிகள் கையில் கழியோடு பாயின்ட் ஷூவில் எழும்போது, 1841இல் பாரிஸ்காரர்கள் எதற்காகப் பயந்திருப்பார்கள் என்று எனக்கு முதல்முறையாகப் புரிந்தது. பாயின்ட் அங்கே அழகுக்காக இல்லை, தரையைத் தொடாதவர்கள் என்பதற்காக. மரபான ஜிஸெலில் வெள்ளைப் பாவாடை வரிசை வந்ததும் நாம் கைதட்டத் தயாராகிறோம், யாரும் பயப்படுவதில்லை.

எக்கின் 1982 ஜிஸெல் இன்னும் மேலே போகிறது. இரண்டாம் அங்கம் மனநோய் விடுதி, ஆனால் இசை ஆடானுடையதே.

சலங்கை:

//ஆடுகிறவர்களுக்கு எது தங்கள் உடம்பில் ஊறியதோ அதுதான் மரபு//

பஞ்சாங்கம் ஐயா, இந்த வரியில்தான் எனக்குச் சண்டை. எங்கள் பக்கம் சதிர் பரதநாட்டியம் ஆனபோது நடந்ததைப் பாருங்கள். ருக்மிணி தேவி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம் பாலே கற்று, அப்புறம்தான் சதிருக்கு வந்தார். 1936இல் கலாக்ஷேத்ரா. உடை, மேடை, ஒளி, சிருங்காரத்தைக் குறைத்தது எல்லாம் அப்போது முடிவானவை. இரண்டு தலைமுறைக்குள் அது எங்கள் உடம்பில் ஊறி "இரண்டாயிரம் ஆண்டு மரபு" ஆகிவிட்டது, அதற்கு முன் ஆடிய குடும்பங்களின் உடம்பில் ஊறியது மேடையை விட்டே போனது. ஊறுவது பெரிய விஷயமில்லை, எது வேண்டுமானாலும் ஊறும்.

பழையபஞ்சாங்கம்:

சலங்கை, வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் நாளைக்கு லெனின்கிராட் வழிவந்த ஒரு குழு வந்தால் நான் அவர்கள் தோளையும் முதுகையும் பார்க்கத்தான் போவேன், அது எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. கோமாளி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன், போதுமா?

மேல்மாடம்:

அந்த முதுகுக்கு நானும் வரிசையில் நிற்பேன், அதில் தகராறு இல்லை.

சிங்கை அம்மா, உங்களுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெள்ளை உடுப்பை எதிர்பார்ப்பது தப்பே இல்லை, ஏரிக்கரை அங்கத்தை இவானோவ் அமைத்ததைவிட நன்றாக இன்னும் யாரும் அமைக்கவில்லை. மகள் கேட்ட அந்த விரல் கோடு, அம்மாவின் கண்ணீர். போவதற்கு முன் அந்தக் கைகளின் பொருளை வீட்டில் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் முன்கதை தேவைப்படாது, பிள்ளைகள் அதை நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். ராயல் பாலே 2009இல் பதிவு செய்த டௌவெல் தயாரிப்பு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள், மரியானெலா நூன்யெஸ் ஆடியது, அபிநயம் முழுசாக இருக்கிறது. அடுத்தது போர்ன், 1996 படப்பதிவு. சின்னப் பிள்ளைக்குக் கடைசிக் காட்சி கொஞ்சம் கடுமை, முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். அக்ரம் கானுக்கு அவள் இன்னும் வளரட்டும்.

சிங்கை_அம்மா:

நன்றி. நூன்யெஸ் பதிவைத் தேடுகிறேன். அதில் கோமாளி உண்டா?

கடைசி_வரிசை:

இல்லை. தைரியமாக வாங்குங்கள்.